பிள்ளைக்கு லீவு, டீச்சருக்கு ஸ்கூல்

டீச்சர் வேலையையும் பிள்ளையையும் சேர்த்துச் சமாளிக்கும் தினசரி ஓட்டத்தைப் பற்றி இங்கே எல்லோரும் எழுதிவிட்டீர்கள். டிபன் பாக்ஸ், ஆட்டோ ஹாரன், பஸ்ஸுக்கு ஓடுவது எல்லாம் எனக்கும் உண்டு, பழகியும்விட்டது. என் பாடு வேறு. என் பள்ளி ஒரு மாவட்டம், மகள் பள்ளி இன்னொரு மாவட்டம்.

வீடு பேட்டையில். வேலை ஆலங்குளம் தாண்டி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டும் நெல்லை மாவட்டம்தான். பிரிந்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கொரோனா முடிந்து 2022 ஆனியில் நெல்லையப்பர் தேர் மறுபடி ஓடியதே, அப்போதுதான் உறைத்தது. தேரோட்டத்துக்கு நெல்லை மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. யூகேஜி படித்த மகளுக்கு லீவு, எனக்குப் பள்ளி. அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. தேர் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் விடலாம் என்றால், அத்தனை பேரும் ரதவீதிக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையை யாரை நம்பி விடுவது?

தென்காசி பஸ்ஸில் கூடவே கூட்டிப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். முதல் பீரியட் முழுக்கத் தேர் படம் வரைந்தாள். இரண்டாவது பீரியடில் ஒரு மாணவி அவள் சடையைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம். மூன்றாவதில், “டீச்சர், பாப்பா தூங்கிட்டா” என்று குரல். திருத்த வேண்டிய நோட்டுக் கட்டின் மேல் தலை. எச்.எம். (தலைமை ஆசிரியர்) ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு வராந்தாவில் வழக்கத்தைவிட அதிகமாகவே நடந்தார்.

கூத்து அதோடு முடியவில்லை. உள்ளூர் விடுமுறையை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாள் ஆகும் அல்லவா? அன்று அவளுக்குப் பள்ளி, எனக்கு லீவு.

தேராவது நாள் குறித்து வருகிறது. மழை அப்படியா? ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலையில் எழுந்ததும் டிவியில் கலெக்டர் அறிவிப்பைத்தான் பார்ப்பேன். இரண்டு மாவட்டமும் சேர்ந்து வந்தால் சரி, நெல்லை மட்டும் என்று ஓடினால் வயிற்றைக் கலக்கும். சி.எல். என்கிற தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான், அதில் காய்ச்சலுக்கும் விசேஷத்துக்கும் போக மழைக்கு என்ன மிஞ்சும்? பக்கத்து வீட்டு டீச்சர் கேந்திரிய வித்யாலயாவில் இருக்கிறார். மத்திய அரசு விடுப்பு விதிகள் அங்கே பொருந்தும் என்பதால் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தப் பணிக்காலத்துக்கும் 730 நாள் உண்டு அவருக்கு. எங்களுக்கும் அதில் கால்வாசியாவது வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இப்போது தெருவில் ஒரு ஆச்சியோடு பேசி வைத்திருக்கிறேன். மாதச் சம்பளம் வாங்க மாட்டேன் என்கிறார். வெற்றிலைக்கும் மாத்திரைக்கும் பார்த்துக்கொள்கிறேன்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேருமே டீச்சர், ஒரே மாவட்டம், லீவும் ஒன்றாகத்தான் வரும். எங்களுக்கு வினை தேர்தல் டியூட்டி. 2024 ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, முந்தின நாளே பூத்துக்குப் போய் ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். ஆர்டர் இரண்டு பேருக்கும் வந்தது, வேறு வேறு தொகுதி. கைக்குழந்தை என்றால் விலக்குக் கேட்கலாம், எங்கள் பையனுக்கு ஆறு வயது, என்ன சொல்லிக் கேட்பது? கடைசியில் கல்லிடைக்குறிச்சி மைனி வீட்டில் விட்டோம். வாக்குப்பதிவு இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு நடுராத்திரிக்கு மேல் மைனிக்குப் போன் போட்டால், “அவன் இன்னும் முழிச்சுத்தான் இருக்கான், எந்தக் கட்சி ஜெயிச்சுதுன்னு கேக்கான்” என்றார்.

*

நான் வாத்தியார், ஆண். எங்கள் வீட்டில் மகளைக் கூப்பிடப் போவது நான்தான், மனைவிக்கு நர்ஸ் வேலை, ஷிப்ட் மாறும். பாளையங்கோட்டையில் பள்ளி வாசலில் நின்றால் தினமும் யாராவது ஒருவர், “ஏன் அண்ணாச்சி, வீட்ல அவங்களுக்கு மேலுக்குச் சரியில்லையா?” என்று கேட்கிறார்கள். முதலில் விளக்கம் சொன்னேன். இப்போதெல்லாம் ஆமா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறேன்.