எல்லாத்தையும் அணைச்ச பிறகும் மீட்டர் துடிக்குதா? உங்களுக்கு அகப்பட்டது எது?

துடிப்பு3200:
ஃபேன், லைட், டிவி எல்லாம் ஆஃப். ஃப்ரிட்ஜ் பிளக்கும் கழட்டியாச்சு. அப்பவும் மீட்டர்ல இருக்கிற சின்னச் சிவப்பு லைட் 25 விநாடிக்கு ஒரு தடவை மின்னுது. மீட்டர் முகப்புல ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்புன்னு அச்சடிச்சிருக்கு. ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் வாட்-விநாடியை 3200-ஆல வகுத்தா 1125. அதை ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கிற விநாடியால வகுத்தா எத்தனை வாட் ஓடுதுன்னு வந்துடும். இங்கே 45 வாட். யாரும் எதையும் தொடாத நேரத்துல ராத்திரி பகலா 45 வாட்னா மாசம் 32 யூனிட் சும்மா போகுது.

கண்டுபிடிக்கிற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் மெயின் போர்டுல இருக்கிற ஸ்விட்ச்) ஒண்ணொண்ணா இறக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம் மீட்டரைப் பார்க்கணும். இன்வெர்ட்டர் லைனை இறக்கினதும் துடிப்பு நின்னுது. மத்தவங்க இங்கேயே "இன்வெர்ட்டர்னா கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்"னு விட்டுடுவாங்க. நல்ல பேட்டரி நிறைஞ்ச பிறகு கொஞ்சம்தான் இழுக்கும். இது ஓயவே இல்லை. பேட்டரி மேல ஆறு மூடி இருக்குல்ல (ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு செல்), ஒவ்வொரு மூடிக்குப் பக்கத்துலயும் வெளிப்பெட்டியில புறங்கையை வெச்சுப் பார்த்தா அஞ்சு இடம் வெதுவெதுப்பு, மூணாவது மட்டும் தனியாச் சூடு. தண்ணி மட்டம் காட்டுற மிதவையும் அதுல மட்டும்தான் இறங்கியிருந்தது. அந்தச் செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். ஒரு செல் போனா பேட்டரியோட மொத்த வோல்டேஜ் நிறைஞ்ச அளவைத் தொடவே தொடாது. சார்ஜரும் நிறுத்தாம ஊட்டிக்கிட்டே இருக்கும். அந்தக் கரன்ட் எல்லாம் சூடாவும் வாயுவாவும் போயிடும்.

டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி இதைச் சரி பண்ண முடியாது. அப்படிச் சூடான பேட்டரிகிட்ட நெருப்பு, தீக்குச்சி எதுவும் கொண்டுபோகாதீங்க, ஹைட்ரஜன் வரும். உடனே மாத்தணும்.

உங்களுக்கு எது அகப்பட்டதுன்னு எழுதுங்க. பொதுவான அறிவுரை வேண்டாம்.

குழாய்ச்சாவி:
துடிப்பு சீரா வந்தா நீங்க சொன்ன மாதிரி மின்சாரச் சாமான்தான். ஒரு வீட்டுல வந்தது வேற மாதிரி. எட்டு நிமிஷம் ஒண்ணுமே இல்லை. திடீர்னு கால் நிமிஷம் படபடன்னு அடிக்கும், மறுபடி எட்டு நிமிஷம் அமைதி. அதே நேரத்துல மொட்டைமாடி பிரஷர் பம்ப்கிட்ட (குழாய்ல அழுத்தம் குறைஞ்சா தானா ஓடற பம்ப்) நின்னா "டக்"குனு ஸ்விட்ச் விழற சத்தம். ஒரு குழாயும் திறந்திருக்கல. எலெக்ட்ரீஷியன் பம்பைப் பிரிச்சுப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு மூடிட்டார். பம்ப் உண்மையிலேயே நல்லாத்தான் இருந்தது. தண்ணி எங்கேயோ போகுதுன்னுதான் அது சொல்லிக்கிட்டு இருந்தது.

போனது டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் வழியா. இது சத்தமே போடாது. பீங்கானோட பின்சுவரைத் துணியால நல்லாத் துடைச்சுட்டு, காய்ஞ்ச டிஷ்யூ பேப்பரை அதுல ஒட்ட வெச்சுப் பாருங்க. ரெண்டே நிமிஷத்துல பேப்பர் நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு ஈரக்கோடு மேலேருந்து கீழே இறங்கினா வேற சோதனையே வேண்டாம்.

அடுத்த கேள்வி, மேலே வழியுதா கீழே கசியுதா? மூடியைத் திறந்து தண்ணி மட்டத்துல பென்சிலால ஒரு கோடு. டேங்குக்குத் தண்ணி வர்ற ஆங்கிள் காக்கை மூடிடுங்க. அரை மணி நேரம் கழிச்சு மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தா அடியில இருக்கிற வாஷர். மட்டம் ஓவர்ஃப்ளோ குழாய் விளிம்புல வந்து நின்னுட்டா மிதவை வால்வு சரியா மூடலை, நிரம்பி வழியுது. அப்படின்னா மிதவையோட ஸ்க்ரூவைத் திருப்பி, மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு ரெண்டு சென்டிமீட்டர் கீழே நிக்கிற மாதிரி வையுங்க. அதுலயும் நிக்கலைன்னா வால்வுக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் வட்டில மணல் சிக்கியிருக்கும். கழுவிப் போட்டாலே பாதி கேஸ் சரியாயிடும்.

அடி வாஷர்னா: ரெண்டு பட்டன் வெச்ச டேங்க்ல நடுக் கோபுரத்தை இடப்பக்கமாக் கால் சுத்து திருப்பி மேலே தூக்கினா வந்துடும். அடியில வளையம் மாதிரி ஒரு வாஷர். தடவிப் பாருங்க, விளிம்பு விறைப்பா இருக்கும், இல்லேன்னா சுண்ணாம்புப் படிவு பொறுபொறுன்னு ஒட்டியிருக்கும். பழசைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க. உள்விட்டம் ரெண்டு மில்லிமீட்டர் தப்பினாலும் கசியும். சிலிகான் வாஷர் கேளுங்க, கறுப்பு ரப்பரை விட ரொம்ப நாள் மெத்துன்னு இருக்கும். வாஷர் உட்கார்ற பிளாஸ்டிக் இருக்கையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. கீறல் விழுந்தா புது வாஷரும் கசியும். வினிகர்ல நனைச்ச துணியை அரை மணி நேரம் போட்டு வெச்சுத் துடைச்சாப் போதும். டேங்க் தண்ணிக்குள்ள போடற நீல மாத்திரையை நிறுத்திடுங்க. குளோரின் கலந்த மாத்திரைகள்தான் வாஷரைச் சீக்கிரமா விறைக்க வைக்குது.

கணக்கு பாருங்க. பம்ப் எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைனா நாளைக்கு 180 தடவை. ஒவ்வொரு தடவையும் 2 லிட்டர்னு வெச்சாலே 360 லிட்டர் தண்ணி. மின்சாரமா பார்த்தா அரை எச்பி பம்புக்கு மாசம் பத்து யூனிட் அளவுதான் வரும். ஆனா அந்தத் தண்ணியைக் கீழ்த்தொட்டியிலேருந்து மேலே ஏத்தின மின்சாரம் தனி. நாளைக்கு 180 ஸ்டார்ட் வாங்கற மோட்டாரும் சீக்கிரம் போயிடும்.

கம்ப்ரசர்:
துடிப்பு சார், ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழட்டிட்டுச் சோதிச்சா முக்கியமான திருடனை வெளியே நிறுத்திட்டுத் தேடற மாதிரி. ஃப்ரிட்ஜை மட்டும் ஓடவிட்டுத் தனியா ஒரு தடவை பாருங்க. கதவைத் திறக்காம விட்டா கம்ப்ரசர் ஓடி நின்னு ஓடணும். ராத்திரி முழுக்க நிக்கவே இல்லைன்னா ஏதோ இருக்கு. (இன்வெர்ட்டர் கம்ப்ரசர்னா இது பொருந்தாது, அது மெதுவா ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதுல 24 மணி நேர யூனிட்டைத்தான் பார்க்கணும்.)

ஒரு ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசரோட ஒரே ஒரு மூலையில மட்டும் பனி கட்டுச்சு. எத்தனை தடவை உருக்கினாலும் அதே மூலை. கேஸ் நிரப்பணும்னு சொல்லிட்டாங்க. ராத்திரி அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைப் போட்டு உள்ளே வெச்சுக் கதவை மூடினா, கீல் பக்கத்துக் கீழ் மூலையில நூல் மாதிரி ஒரு வெளிச்சம். பனி கட்டின மூலைக்கு நேரே. அது வழியா உள்ளே போற ஈரக்காத்துதான் பனியா உறையுது. கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கதவு இடுக்குல பேப்பரை வெச்சு மூடி இழுத்துப் பார்க்கிற, எல்லாரும் சொல்ற சோதனை கைப்பிடிப் பக்கம் சரியா வரும், கீல் பக்கம் ஏமாத்தும். அங்கே கேஸ்கட் (கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் பட்டை) நசுங்கி மடிஞ்சிருந்தாலும் பேப்பரைக் கவ்விப் பிடிக்கும். அதனாலதான் டார்ச்.

கேஸ்கட்டை மாத்தறதுக்கு முன்னாடி: வெந்நீர், சோப்பு, பழைய பல் பிரஷ். மடிப்புக்குள்ள இருக்கிற பிசுக்கைச் சுத்தமா எடுங்க. மடிஞ்ச இடத்தை ஹேர் ட்ரையரால ஒரு சாண் தூரத்துல வெச்சு இளக்கி, விரலால வெளியே இழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, கதவை மூடி ஆற விடுங்க. ரொம்பக் கிட்டே காட்டினா பிவிசி சுருங்கிப் போயிடும். கீல் பக்கத்துல மட்டும் வாஸ்லின் மெல்லிசாத் தடவினா கேஸ்கட் உரசிப் பிரளாது. முன்கால் ரெண்டையும் பின்கால்களை விடக் கொஞ்சம் உயர்த்தி வெச்சா கதவு தானா சாத்திக்கும். இத்தனைக்கும் பிறகு வெளிச்சம் தெரிஞ்சாத்தான் புது கேஸ்கட்.

தட்பம் கீழறைக்கு 4 டிகிரி, ஃப்ரீசருக்கு மைனஸ் 18. அதுக்குக் கீழே போனா செலவுதான் கூடும். டயல்ல இருக்கிற நம்பரை நம்பாம, கீழறையில ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள தெர்மாமீட்டரை ராத்திரி முழுக்க வெச்சுப் பாருங்க.

கணக்குநோட்டு:
எங்களுக்கு அகப்பட்டது கீசர். நடு ராத்திரி பாத்ரூம்ல அதோட சிவப்பு விளக்கு தானா எரிஞ்சு, ஆறு நிமிஷத்துல அணைஞ்சது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா இதைப் படிக்கிறவங்களுக்காக முழுசாச் சொல்லிடறேன். தண்ணியைச் சூடாக்க ஆகற செலவுக்குக் கணக்கு இருக்கு: லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால பெருக்கி 860-ஆல வகுத்தா யூனிட். 15 லிட்டரை 25 டிகிரியிலேருந்து 60-க்கு ஏத்த 0.61 யூனிட். 45-க்குன்னா 0.35. குளிக்கிறவர் எப்படியும் பச்சைத்தண்ணி கலக்கத்தான் போறார், அதனால குளியல்ல இந்த வித்தியாசம் பெரும்பாலும் திரும்பி வந்துடும். வராதது தொட்டியில தேங்கி ஆறற சூடு. நாள் முழுக்க ஆன்ல விட்டா ஆற ஆற மறுபடி காயும். 2000 வாட் கீசர் ஆறு நிமிஷம் எரிஞ்சா 0.2 யூனிட். நாளைக்கு நாலு தடவைனா 0.8. குளிக்கிறதுக்குப் பதினஞ்சு இருபது நிமிஷம் முன்னாடி போட்டு, குளிக்கப் போகும்போது அணைச்சா இந்த 0.8 மிச்சம். தெர்மோஸ்டாட்டை 45-லயே நிரந்தரமா வைக்காதீங்க, வெதுவெதுப்பான தேங்கின தண்ணியில லீஜியோனெல்லா கிருமி வளரும். 60-ல வெச்சு நேரத்தைக் குறைக்கிறதுதான் சரி. காய ஆகற நேரம் முன்னை விடக் கூடிக்கிட்டே போனா, கூடவே உள்ளே கொதிக்கிற மாதிரி இரைச்சல் கேட்டா எலிமென்ட் மேல உப்புப் படிஞ்சிருக்கு. இறக்கிச் சுத்தம் பண்ணும்போதே, தொட்டி அரிக்காம இருக்கத் தான் கரையற ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்க. அது கரைஞ்சு முடிஞ்சா அடுத்து கரையப்போறது தொட்டிதான்.

அப்புறம், போன் சார்ஜரை எல்லாம் பிளக்லேருந்து எடுத்து வையுங்க. அதுல போறதுதான் யாருக்கும் தெரியறதில்லை.

துடிப்பு3200:
கீசர் கணக்கு அருமை. சார்ஜர் விஷயத்துல ஒத்துக்க முடியாது. இப்ப வர்ற நல்ல சார்ஜர் சும்மா செருகியிருந்தா 0.3 வாட்டுக்குள்ளதான் எடுக்கும். வருஷம் முழுக்க விட்டாலும் 2.6 யூனிட். டிவிக்குப் பக்கத்துல இருக்கிற செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல அணைச்ச பிறகும் 12 வாட் எடுத்தா அதே வருஷத்துக்கு 105 யூனிட். சார்ஜரைத் தினமும் பிடுங்கி வைக்கிறவங்க அந்தத் திருப்தியிலேயே பாக்ஸை விட்டுடறாங்க, அதுதான் கவலை. எது இழுக்குதுன்னு தெரியணும்னா ஒரு மணி நேரம் சும்மா இருந்த பிறகு தொட்டுப் பாருங்க. கைக்குச் சூடு தெரிஞ்சா அந்தச் சூட்டுக்கு நீங்க காசு கொடுக்கறீங்க.

வயரிங்கை:
எம்சிபி இறக்கற சோதனையில ஒரு ஓட்டை இருக்கு. ஒரு வீட்டுல ஸ்விட்ச் எல்லாம் ஆஃப், பிளக்ல ஒண்ணும் இல்லை, ஆனா ஒரு லைனோட எம்சிபியை இறக்கினாத்தான் துடிப்பு நிக்குது. மீட்டர்ல எர்த் விளக்கும் எரியுது. அந்த விளக்கு எரிஞ்சா, ஃபேஸ்ல போற கரன்ட் முழுசா நியூட்ரல்ல திரும்பலை, வேற எங்கேயோ மண்ணுக்கு இறங்குதுன்னு அர்த்தம். காரணம், கீசரோட ஸ்விட்சை நியூட்ரல்ல போட்டிருந்தாங்க. ஸ்விட்சை அணைச்சாலும் ஃபேஸ் எலிமென்ட் வரைக்கும் போய் நிக்குது. எலிமென்ட் உறை வெடிச்சதால ஈரம் வழியா எர்த்துக்குக் கசியுது. 100 மில்லி ஆம்பியர் கசிஞ்சா 230 வோல்ட்டுக்கு 23 வாட், மாசம் பதினாறரை யூனிட்.

இதுல யூனிட் பெரிசில்லை, உயிர்தான் பெரிசு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மண்ணுக்குக் கரன்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச்) அந்த வீட்டுல இருந்திருந்தா முதல் நாளே விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். இருக்கிறவங்க மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. விழலைன்னா மாத்துங்க. எர்த் விளக்கு எரியற வீட்டுல எதையும் நீங்களே பிரிக்காதீங்க. கேட் லைட்டுக்கும் கிணத்து மோட்டருக்கும் மண்ணுக்குள்ள போற ஒயரும் இதே மாதிரி கசியும், மழைக்கு அப்புறம் துடிப்பு கூடினா அதைச் சந்தேகப்படுங்க.

மெயினையே இறக்கின பிறகும் மீட்டர் ஓடினா, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல யாரோ இணைப்பு எடுத்திருக்காங்க, இல்லேன்னா மீட்டரே பழுது. சீலைத் தொடாம மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்க.

கேள்வியாளர்7:
எங்க மீட்டர் பழசு, தட்டு சுத்தற வகை. அதுல எப்படிக் கணக்கு? அப்புறம் குழாய்ச்சாவி அண்ணா, ஃப்ளஷ் வாஷர் மாத்திட்டோம், டிஷ்யூவும் காய்ஞ்சே இருக்கு. ஆனா குழாயைத் திறந்தா பிரஷர் பம்ப் ரெண்டு மூணு விநாடிக்கு ஒரு தடவை ஆன் ஆஃப் ஆகுது.

துடிப்பு3200:
அதே கணக்குதான். தட்டு மீட்டர்ல ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுத்துன்னு போட்டிருக்கும். 600-னா, 36 லட்சத்தை அதால வகுத்தா ஒரு சுத்துக்கு 6000. கறுப்புக் குறி ஒரு முழுச் சுத்து வர ஆகற விநாடியால வகுங்க.

குழாய்ச்சாவி:
அது கசிவு இல்லைம்மா, பிரஷர் டேங்க்ல காத்து போயிடுச்சு. உள்ளே ரப்பர் பை இருக்கும், அதைச் சுத்தி காத்து. காத்து இல்லேன்னா தண்ணியை அமுக்கிப் பிடிக்க ஒண்ணுமில்லை, அதனால ஸ்விட்ச் துடிக்குது. பம்ப் கரன்டை அணைச்சு, குழாயைத் திறந்து அழுத்தம் முழுக்கப் போக விடுங்க. தண்ணி இருக்கும்போது அளந்தா தப்பா காட்டும். டேங்க் முனையில சைக்கிள் டியூப் மாதிரி வால்வு இருக்கும், டயர் கேஜ் வெச்சுப் பாருங்க. பம்ப் ஆன் ஆகற அழுத்தத்தை விட 0.2 பார் குறைவா இருக்கணும், அதாவது 1.5 பார்ல ஆன் ஆகற பம்புக்கு 1.3. குறைஞ்சிருந்தா சைக்கிள் பம்பாலயே அடிச்சுக்கலாம். வால்வு முள்ளை அமுக்கும்போது காத்துக்குப் பதிலா தண்ணி பீச்சினா பை கிழிஞ்சிருக்கு, அதை மாத்தித்தான் ஆகணும்.