கஞ்சாவைச் சட்டப்படி ஆக்குவோம் என்று நம்ம பக்கம் ஒரு கட்சியாவது வாயைத் திறக்குமா?

மன்னை மைனர்:

அரசியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். நேற்று சாயங்காலம் பந்தலடி பக்கம் டீக்கடையில் சரியான ரகளை. பெஞ்சில் மூன்று கட்சிக்காரர்கள். "உங்க ஆட்சியிலதான் கஞ்சா பள்ளிக்கூட வாசலுக்கே வந்துச்சு" என்று ஒருத்தர், "2017ல சட்டசபைக்குள்ள குட்கா பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுனோமே, அது யார் ஆட்சி?" என்று அடுத்தவர், மூன்றாமவருக்கு இரண்டு பேருமே திருடர்கள். இதெல்லாம் தினப்படி நடப்பதுதான். பாங்காக்கில் ஹோட்டல் வேலை பார்க்கிற என் மாமா பையன் லீவில் வந்திருக்கிறான், அவன் சும்மா இருக்காமல் "தாய்லாந்துல ஒரு கட்சி கஞ்சாவைச் சட்டப்படி ஆக்குறோம்னு சொல்லியே ஓட்டு வாங்கிச்சு, மந்திரியும் ஆனாங்க" என்று போட்டுவிட்டான். அவ்வளவுதான், மூன்று பேரும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்துவிட்டார்கள். அவர்கள் மூவரும் கூட்டணி வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் சொன்னது நிஜமா? இந்தியாவில் எந்த எம்.பி.யாவது இதைப் பேசியிருக்கிறாரா? சென்னையில் இருக்கிற அரசு நினைத்தால் செய்ய முடியுமா, இல்லை டில்லிதான் செய்ய வேண்டுமா? எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அம்மா இதைப் படிக்கப் போவதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

குடந்தை கறுப்புக் கோட்டு:

சட்டத்தை நான் சொல்கிறேன், அரசியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 1985இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்த போதைப்பொருள் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அது கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனியை. நுனி சேராமல் வெறும் இலையும் விதையும் இருந்தால் அது கஞ்சா ஆகாது, வடக்கே பாங்கு (அந்த இலையை அரைத்துச் செய்வது) விற்கிற கடை நடப்பது இந்தச் சந்தில்தான். ஒரு கிலோ வரைக்கும் 'சிறு அளவு': ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போகலாம். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', குறைந்தது பத்து வருஷம், ஜாமீன் என்ற பேச்சையே மறந்துவிடலாம்.

நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் பிடிபட்ட சரக்கு ஒரு கிலோ நூறு, ஒரு கிலோ இருநூறு என்று அந்தக் கோட்டை ஒட்டியே எடை நிற்கிற அதிசயத்தைப் பற்றி சீனியரிடம் கேட்டேன். "டீ சாப்பிடுறியாப்பா" என்றார். காம்பு, இலை, விதை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு நிறுத்தார்களா, நுனியை மட்டும் பிரித்து நிறுத்தார்களா என்று கேட்டே சில வழக்குகள் ஓடும்.

மாநிலம் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். பாதி முடியும். மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் பயிரிட அனுமதி தர பிரிவு 10 மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது, நாருக்கும் விதைக்கும் பிரிவு 14. உத்தராகண்ட் 2018இல் அப்படித்தான் போதை குறைந்த ஹெம்ப் வகைக்கு உரிமம் கொடுத்தது. இமாச்சலில் 2024 செப்டம்பரில் சட்டசபையே இதற்கான குழு அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அங்கே நடப்பது காங்கிரஸ் ஆட்சி, உத்தராகண்டில் பாஜக, ஆக இதில் கட்சிக்கொள்கை என்று ஒன்றுமில்லை, மலைக்காட்டில் தானாகவே முளைக்கிற செடி என்பதுதான் விஷயம். ஆனால் டாஸ்மாக் மாதிரி கடை திறந்து விற்க வேண்டும் என்றால் பாராளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

எம்.பி.க்களில் ஒடிசாவின் ததாகத சத்பதி 2015இல் வெளிப்படையாகவே பேசினார். பாட்டியாலாவின் தரம்வீர் காந்தி, இதய மருத்துவர், தனிநபர் மசோதாவே (மந்திரி அல்லாத எம்.பி. தானாகக் கொண்டுவருவது) கொண்டுவந்தார். பழைய லேசான போதையை அடைத்ததால்தான் பஞ்சாப் பையன்கள் ஹெராயினுக்குப் போனார்கள் என்பது அவர் வாதம். 2017இல் மேனகா காந்தி மந்திரியாக இருந்துகொண்டே மருத்துவக் கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசினார். ஆனால் தனிநபர் மசோதா கடைசியாக நிறைவேறியது 1970இல், சுதந்திரத்துக்குப் பிறகு மொத்தமே 14தான். அதனால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

பொய்கைநல்லூர் பௌர்ணமி:

எங்கள் ஊரில் ஜீவசமாதி இருக்கிற கோரக்கர் பெயரிலேயே அந்தச் செடிக்கு 'கோரக்கர் மூலி' என்று பெயர். சிவமூலி என்றும் சொல்வார்கள். சித்த வைத்தியத்தில் சுத்தி செய்து மருந்தாகக் கொடுத்ததை வெள்ளைக்காரன் சொன்னான் என்று குற்றம் ஆக்கிவிட்டோம். இதைப் பேச ஒரு கட்சிக்குக்கூட முதுகெலும்பு கிடையாது.

குடந்தை கறுப்புக் கோட்டு:

@பொய்கைநல்லூர் சார், வெள்ளைக்காரன்மேல் இதைப் போட முடியாது. அவன் 1893இல் ஒரு கமிஷன் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தான், அளவோடு பயன்படுத்தினால் பெரிய கேடு இல்லை, முழுத் தடை வேண்டாம் என்றுதான் அறிக்கை வந்தது. (வரி போய்விடுமே என்ற கவலையும் இருந்திருக்கும், அது வேறு.) 1961இல் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது சுதந்திர இந்தியாதான். அதே இந்தியா 2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து எடுக்க ஆதரவாக ஓட்டுப் போட்டது. 27க்கு 25, இரண்டே ஓட்டு வித்தியாசம். இங்கே ஒரு கட்சி ஆபீஸிலும் அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஐயாறன் டொராண்டோ:

தம்பி மைனர், மாமா பையன் சொன்னது நிஜம், ஆனால் பாதிக் கதை. தாய்லாந்தில் பூம்ஜாய்தாய் என்றொரு கட்சி, புரிராம் மாகாணம் அவர்களுடைய கோட்டை, ஏழை விவசாயிகள் நிறைந்த பகுதி. 2019 தேர்தலில் "வீட்டுக்கு ஆறு செடி, அதில் வருமானம்" என்று கேட்டு 51 இடம் பிடித்து கூட்டணி ஆட்சிக்குள் போனார்கள். கட்சித் தலைவர் அனுட்டின் சுகாதார மந்திரி. 2022 ஜூனில் செடியைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்து வீடுகளுக்குப் பத்து லட்சம் கன்றுகள் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். சட்டம் இல்லாமல் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்ததால் தெருவுக்குத் தெரு கடை முளைத்தது, வயசு வரம்பையும் விற்பனை விதிகளையும் அப்புறம் துண்டு துண்டாக ஒட்டினார்கள். 2025 ஜூனில் அந்தக் கட்சி கூட்டணியை விட்டு வெளியே வந்தது. வந்த சில நாட்களிலேயே, இன்னொரு கட்சிக்காரரான சுகாதார மந்திரி, டாக்டர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கடை போட்டவனுடைய முதலீடு, கடன், எல்லாம் யார் கூட்டணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் போய்விட்டது. உங்கள் டீக்கடை பெஞ்சுதான், கொஞ்சம் பெரிய பெஞ்சு.

நான் இருக்கிற கனடா வேறு மாதிரி. இங்கே 2000ஆம் ஆண்டிலேயே மரிவானா கட்சி என்று ஒன்று 73 தொகுதியில் நின்றது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. தனிக்கட்சியால் ஒன்றும் ஆகவில்லை, பெரிய கட்சி ஒன்று அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டபோதுதான் காரியம் நடந்தது. லிபரல் கட்சியில் ட்ரூடோ 2013இலேயே வெளிப்படையாகச் சொன்னார், அப்போது அவர்கள் மூன்றாவது இடத்தில் கிடந்த கட்சி, இழக்க ஒன்றுமில்லை. 2015இல் ஆட்சி, 2018 அக்டோபர் 17 முதல் சட்டம். "பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்க, ரவுடியின் வருமானத்தைப் பிடுங்க" என்பதுதான் அவர்கள் வாக்கியம், "ஜாலியாகப் புகையுங்கள்" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டு எங்கள் தெருக் குஜராத்திப் பாட்டிகூடத் தலையாட்டினாள். சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த கன்சர்வேடிவ் முன்னாள் மந்திரி ஒருவர், அதற்கு முன்னால் இந்த ஊர் போலீஸ் தலைவராக இருந்தவர், பிறகு கஞ்சாக் கம்பெனியில் போய் உட்கார்ந்தார், அது தனிக் கதை.

அமெரிக்காவில் கட்சிகள் ஒதுங்கியே நின்றன, மக்களே கையெழுத்து வாங்கி நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். கொலராடோவில் 2012இல் ஆளுநர் எதிர்த்தும் ஜெயித்தது. புளோரிடாவில் 2024இல் சுமார் 56 சதவீதம் பேர் ஆதரித்தும் 60 தேவை என்பதால் தோற்றது. நமக்கு அந்த வழியே கிடையாது. எம்.எல்.ஏ. கட்சி என்ன சொல்கிறதோ அதற்குத்தான் கை தூக்குவார்.

ஒரத்தநாட்டு உழவன்:

கஞ்சாவை விடுங்கள், முதலில் கள்ளைப் பாருங்கள். 1987 ஜனவரியிலிருந்து கள் தடை. பக்கத்துக் கேரளாவில் அரசே கடைக்கு ஏலம் விடுகிறது. கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை வேரோடு சாய்ந்தபோது எங்கள் ஆட்கள் மிச்ச மரத்தில் கள் இறக்கவாவது விடுங்கள் என்று கேட்டார்கள். 2025இல் சீமான் பனை மரத்திலேயே ஏறிக் காட்டினார். கள் இயக்கம், விவசாய சங்கம் என்று இத்தனை பேர் கத்தியும் கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக நகரவில்லை. கள்ளுக்கே இந்தக் கதி, கஞ்சாவுக்கு யார் வருவார்?

காரணம் பெண்கள் ஓட்டு. 2016இல் பெரிய கட்சிகள் இரண்டும் மதுவிலக்கு என்று வாக்குறுதி கொடுத்தன. ஜெயலலிதா வந்ததும் 500 கடை மூடினார், அடுத்த வருஷம் எடப்பாடி 500, 2023இல் ஸ்டாலின் 500. யார் வந்தாலும் 500தான் ராசி. டாஸ்மாக் வருமானமோ வருஷத்துக்கு 45 ஆயிரம் கோடியைத் தாண்டி நிற்கிறது. ஒரு கையில் மூடுவதாகக் காட்டி இன்னொரு கையில் வாங்கிக்கொள்கிற இடத்தில், இன்னொரு போதைக்குக் கதவு திறக்கிறேன் என்று யாரும் மேடையில் சொல்ல மாட்டான்.

அப்புறம் ஹெம்ப் போட்டு டெல்டா விவசாயி கோடீஸ்வரன் ஆகலாம் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதை நம்ப வேண்டாம். அதற்குத் தண்ணி வடிகிற மண் வேண்டும், வேர் இரண்டு நாள் தண்ணியில் நின்றால் போச்சு. நம்ம களிமண்ணில் ஐப்பசி மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) 17 சதவீத ஈரப்பதத்துக்கு நெல்லைக் காய வைக்க இடமில்லாமல் ரோட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறோம், இதில் இது வேறா.

உப்பளக்காற்று, வேதாரண்யம்:

எல்லாரும் கட்சி, கனடா என்று பேசுகிறீர்கள். நான் வீட்டுக் கதை சொல்கிறேன். எங்கள் கடற்கரை வழியாக இலங்கைக்குச் சரக்குப் போவது பேப்பரில் வாராவாரம் வருகிற செய்தி, மூட்டை மூட்டையாகப் பிடிபடும். மூட்டைக்காரன் யாரென்று கடைசிவரைக்கும் தெரியாது. என் தம்பி 19 வயசு, பாலிடெக்னிக். அவன் பைக் சீட்டுக்கு அடியில், டூல் கிட் வைக்கிற பள்ளத்தில், பழைய கணக்கு நோட்டுத் தாளில் மடித்த பொட்டலம் இருந்தது. கையில் எடுத்தால் விபூதிப் பொட்டலம் கனம்தான். அதை அவன் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த ஒரு நாள் ஸ்டேஷனில் பிடித்துவிட்டார்கள், வழக்கும் போட்டார்கள்.

ஊரில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். இரண்டு மாதம், தாலிச் சங்கிலி வைத்துக் கட்டின பணம். வெளியே வந்தபோது மணிக்கட்டில் கயிறு உரசின தழும்பு இருந்தது. கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்கிறான். சிங்கப்பூரில் சித்தப்பா வெல்டிங் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார், பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் வழக்கு தெரிந்து நின்றுபோனது. அதுவும் நல்லதுக்குத்தானோ என்று சில ராத்திரி தோன்றும், அந்த ஊரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு, 2023 ஏப்ரலில் ஒரு கிலோ கடத்த உடந்தை என்று ஒரு தமிழ் ஆளையே தூக்கில் போட்டார்கள். இங்கே அதே ஒரு கிலோ 'சிறு அளவு' என்று வக்கீல் சார் எழுதியிருக்கிறார், படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடை திறக்கச் சொல்கிறவளா நான் என்று கேட்டால், இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அவனை உள்ளே தள்ளினால் திருந்துவான் என்பதும் பொய். போன எம்.பி. தேர்தலில் வாசலுக்கு வந்தவர்களிடம் இதைக் கேட்டேன். "கஞ்சாவை இரும்புக்கரம் கொண்டு ஒழிப்போம்மா" என்று ஒருத்தர், "அவங்க ஆட்சியாலதான்மா" என்று இன்னொருத்தர். பையனுக்கு என்ன வழி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நோட்டீஸ் மட்டும் கொடுத்தார்கள், அடுப்பு பற்ற வைத்தேன்.

மன்னை மைனர்:

அக்கா, நான் டீக்கடைத் தமாஷாகத்தான் ஆரம்பித்தேன். மன்னிச்சுக்குங்க.

குடந்தை கறுப்புக் கோட்டு:

அக்கா, ஒரு விஷயம். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவு வழக்கில் மாட்டினவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ எடுத்திருக்க வேண்டும். நீங்கள் சேர்த்த இடத்துக்கு அங்கீகாரம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம், இப்போதுகூட ஜிஹெச் மனநலப் பிரிவில் சேர்த்துக் காகிதம் வாங்கலாம். பிரிவு 39இல், குற்றம் என்று ஆன பிறகும் தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வாய்தா எப்போது?

உப்பளக்காற்று, வேதாரண்யம்:

வர்ற புதன். இதை ஒருத்தரும் சொல்லவில்லையே தம்பி, மையத்துக்காரர்கள்கூட. ரசீது தேடிப் பார்க்கிறேன்.

குடந்தை கறுப்புக் கோட்டு:

ரசீது, டிஸ்சார்ஜ் சீட்டு, எஃப்ஐஆர் நகல் மூன்றும் எடுத்து வையுங்கள். வழக்கு எண்ணை இங்கே போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் பண்ணுகிறேன்.