புதுப்பிப்பு: தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி

தாத்தா காலத்துத் துப்பாக்கியைச் சுடலாமா, சுவரில் மாட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பழுதுபார்ப்பவர் குழல்களைக் கழற்றிப் பார்த்துவிட்டார். அடியில் 'நாட் ஃபார் பால்' (ஒற்றை உருண்டைக் குண்டுக்கு அல்ல) என்ற முத்திரை இருக்கிறது. அப்படியென்றால், 1875-க்கும் 1887-க்கும் இடையே பிரிட்டனில் வெடி அழுத்தம் தாங்குமா என்று சோதனை செய்த குழல். துரு விலகியதும் டமாஸ்கஸ் இரும்பின் (இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்தது) சுருள் வரிகள் தெரிந்தன, அப்படியொரு அழகு! ஆனால் அது கருமருந்துக் (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்துச் சோதனை, இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவுக்கானது அல்ல. போதாததற்கு, குழல்களைத் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் 'டொக்' என்கிறது. இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டியின் ஈயப் பற்றவைப்பு விட்டிருக்கிறது. ஆக, சுடுவதில்லை.

துப்பாக்கியின் மரக்கட்டையில் ஊறிய பழைய எண்ணெயை அசிட்டோனும் (கரைப்பான் திரவம்) சாக்கட்டிப் பொடியும் கலந்து பூசி உறிஞ்ச வைக்கிறேன். உப்புத்தாள் போடச் சொன்ன அன்பர்களே, மாட்டேன். பிடியில் செதுக்கிய கட்டங்கள் மழுங்கிவிடும். குழல்களைக் கொதிக்கும் கார உப்புக் கரைசலில் முக்கிக் கருமையேற்றுவதும் வேண்டாம், மிச்சமிருக்கும் ஈயப்பற்றையும் அரித்துவிடும்.