அப்புச்சி வீட்டுப் பேரன் பேத்திக

பிரபு: செந்தில் மாமா ஒரு டவுட்டு. போன வாரம் ஏழு பேரும் ஒரே வண்டில கொல்லிமலை போனீங்கல்ல, எப்படி இருந்துச்சு? இங்க கோயமுத்தூர்ல 2023 மாடல் மஹிந்திரா எக்ஸ்யுவி700 கார் ஒன்னு விலைக்கு வந்துருக்கு, உங்களுது மாதிரியே டீசல் ஆட்டோமேட்டிக்

செந்தில் மாமா: தாராளமா பாரு மாப்ள. 70 கொண்டை ஊசிலயும் ஒரு எடத்துல கூட மூச்சு வாங்கல. 185 பிஎஸ் பவரெல்லாம் பேப்பர்ல பாக்கறதுக்கு, மலைல வேலை செய்யறது அந்த 450 என்எம் டார்க்கு தான், அதாவது இழுவை, இஞ்சின் 1750 ஆர்பிஎம்ல மெதுவா சுத்தறப்பவே முழுசா வந்துரும். ஒரு வளைவுல பஸ்ஸுக்கு வழி விட்டு நின்னே போய்ட்டேன், அப்புறம் லேசா மிதிச்சேன் அம்புட்டு பேரோட ஏறிருச்சு

குமார் சித்தப்பா: அந்த ஏழு பேர்ல நான் எங்க உக்காந்தேன்னு கேளு பிரபு

திவ்யா: 😂😂😂

குமார் சித்தப்பா: கடசி வரிசை. ஆறடி ஆளு. அடிவாரத்துல காரவள்ளி வரைக்கும் எப்படியோ தாங்கிட்டேன், மலை ஏற ஆரம்பிச்சதும் முட்டி வந்து தாடைல நிக்குது

செந்தில் மாமா: மச்சான், எந்த ஏழு சீட்டு வண்டியா இருந்தாலும் கடசி வரிசை பசங்களுக்குத் தான. அங்கயும் தனியா ஏசி வெண்ட்டு இருக்கு, சீட்ட சாச்சுக்கலாம்

குமார் சித்தப்பா: ஏசி ஜில்லுன்னு தான் வந்துச்சு. முட்டிக்கு ஏசி போட்டு என்ன பண்றது

தேவி அத்தை: பிரபு அந்த அலர்ட்டு கதைய கேட்டியா

திவ்யா: அய்யோ ஆமா!! பிரபு மாமா, ஸ்பீடு தாண்டுனா நம்ம வீட்டு ஆளு வாய்ஸ்லயே வார்னிங் வர்ற மாதிரி வெக்கலாம். நான் அப்பாவுக்குத் தெரியாம அப்பத்தா குரல ரெக்கார்டு பண்ணி வெச்சுட்டேன். "மெதுவாப் போ சாமி"

செந்தில் மாமா: சேலம் போற வரைக்கும் அதே தான். நாமக்கல்ல வீட்ல இருக்கற ஆத்தா காதுக்குள்ள வந்து சொல்லுது

பிரபு அம்மா: செந்திலு, பாப்பாவுக்கு சேஃப்டி எப்படி? ஸ்க்ரீன் பாட்டெல்லாம் எனக்கு வேண்டாம்

செந்தில் மாமா: அக்கா 2021ல குளோபல் என்கேப்னு வண்டி பாதுகாப்ப சோதிக்கற அமைப்பு இடிச்சுப் பாத்ததுல பெரியவங்களுக்கு 5 ஸ்டாரு, கொழந்தைகளுக்கு 4. இஞ்சினியரிங் எல்லாம் நம்ம செங்கல்பட்டுல இருக்கற மஹிந்திரா ரிசர்ச் வேலில தான், செய்யாறுல டெஸ்ட் ட்ராக்கே வெச்சுருக்காங்க

குமார் சித்தப்பா: புக்கிங் தொறந்தப்ப 57 நிமிசத்துல 25000 வண்டி போச்சாம். அதுல எத்தன பேரு கடசி சீட்ல உக்காந்து பாத்துட்டு புக் பண்ணிருப்பான்

திவ்யா: குமார் மாமா விடமாட்டேங்கறாரு

பிரபு: மாமா அந்த அடாஸ் எப்படி, வண்டியே ஸ்பீடு, லேன் எல்லாம் பாத்துக்குமே, யூஸ் ஆகுதா

செந்தில் மாமா: நாலு வழிச்சாலைல அருமை. முன்னாடி லாரி மெதுவா போனா ரேடார் பாத்து தானா கொறைக்கும், வழி விட்டா தானா புடிக்கும். ஆனா லேன் புடிக்கறதுக்கு கோடு வேணுமே, நம்மூர் ரோட்டுல பாதி எடத்துல பெயின்ட்டே இல்ல. மலைல நான் ஆஃப் பண்ணிட்டேன். எறங்கும்போது மேனுவல்ல போட்டு ரெண்டாவது கியர்லயே விட்டுட்டு வா, பிரேக்க மிதிச்சுட்டே வந்தா சூடாயி நாத்தம் அடிக்கும்

செந்தில் மாமா: அது கெடக்கட்டும், நீ ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவ

பிரபு: ஆபீசு போய்ட்டு வர 12 கிமீ. பூரா சிட்டி தான்

செந்தில் மாமா: அப்ப டீசல் வேண்டாம் மாப்ள. பிஎஸ்6னு புது புகை விதிப்படி வர்ற டீசல்ல, கரிய புடிக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதுல சேர்ற கரி எரியணும்னா சைலன்சர் நல்லா சூடாகணும், ஹைவேல அப்பப்ப அரை மணி நேரம் ஓட்டணும். சிக்னல் சிக்னலா நின்னு போனா அடைச்சுக்கும். புகையச் சுத்தம் பண்ண ஆட்புளூன்னு ஒரு தண்ணி வேற ஊத்தணும். பெட்ரோல் பாரு, பவர் 200 பிஎஸ், டார்க்கு 380 என்எம், மைலேஜ் தான் கைய கடிக்கும்

பிரபு: ஓ... இத அந்த புரோக்கர் சொல்லவே இல்ல

குமார் சித்தப்பா: அவன் எதுக்கு சொல்றான்

தேவி அத்தை: இன்னொன்னு பிரபு, பின்னாடி ஏற்றதுக்கு இடது பக்க சீட்டு தான் ஒரே தட்டுல மடிஞ்சு முன்னாடி சாயும். பாப்பா சீட்ட அங்க மாட்டிட்டீன்னா வழியே போச்சு, வலது பக்கம் மாட்டு. கடசி வரிசைல ஆள் உக்காந்துட்டா டிக்கில ரெண்டு பேக்கு தான், நாங்க புளிசாதத் தூக்கு மடில வெச்சுட்டுப் போனோம்

குமார் சித்தப்பா: என் மடில

பிரபு: 🤣 சரி பெட்ரோல் ஒன்னு தேடறேன். சித்தப்பா பாக்கப் போறப்ப நீங்களும் வாங்க

குமார் சித்தப்பா: வர்றேன். நீ முன்னாடி ஸ்க்ரீன தட்டிட்டு இரு, நான் நேரா பின்னாடி போய்டறேன். அங்கயே பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லு

திவ்யா: அப்பத்தா கேக்குது, ஏற்றதுக்கு படி இருக்கான்னு

செந்தில் மாமா: போன வாரம் முக்காலி போட்டுல்ல ஏறுச்சு

திவ்யா: அதான் கேக்குதாம்