20 மெகாவாட்-ஹவர் பேட்டரி போட்டால் மீட்டரில் எத்தனை யூனிட் வரும்?

காற்றாடிக்காரன்:
வணக்கம். சோலார் பார்க்கை ஒட்டிய 33 கேவி பஸ்ஸில் (பொது மின் இணைப்புத் தண்டில்) 10 மெகாவாட் / 20 மெகாவாட்-ஹவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. பகலில் நிரப்பி, மாலை பீக்கில் இரண்டு மணி நேரம் கொடுக்கணும். பெயர்ப்பலகையில் 20 இருந்தால் மீட்டரில் 20,000 யூனிட் வருமா? ஆடிக் காற்றில் மிஞ்சுவதையும் இதிலேயே வைத்துச் சித்திரையில் எடுக்கலாமா?

பஸ்பார்:
வராது சார். பெயர்ப்பலகை சொல்வது டிசி பக்கக் கணக்கு. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் எல்லாம் சேர்ந்து வெளியே வரும்போது ஏறக்குறைய 4% தின்னும். செல்லை அடிமட்டம் வரை வழிக்கக் கூடாது, 95% தான் பயன்பாடு. முதல் ஐந்து வருடத் தேய்மானத்துக்கு 12% வைத்துக்கொள்ளுங்க. 20 ÷ 0.96 ÷ 0.95 ÷ 0.88 = 24.9. ஆக 25 போட்டால்தான் ஐந்தாம் வருடமும் மீட்டரில் 20 நிற்கும். அல்லது முதலில் 22 போட்டு, பின்னால் ரேக் (செல் அடுக்கு) சேர்க்க பீடமும் கேபிள் டிரெஞ்சும் இப்போதே கட்டி வையுங்க. செல் விலை இறங்குகிற காலத்தில் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

பேட்டரியைக் குளிர்விக்கும் சில்லரின் மின்சாரத்தை எந்த மீட்டர் எண்ணும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்க. நீங்கள் சார்ஜ் செய்வது உச்சி வெயிலில். சில்லரும் அப்போதுதான் முழு மூச்சாக ஓடும். ஏற்றியதில் 85% திருப்பித் தரணும் என்ற நிபந்தனையில் அதுவும் அடக்கம் என்றால் கணக்கே மாறிவிடும்.

செல்_டாக்டர்:
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் 25 போட்டும் மாலையில் 17-தான் வருகிறது என்ற மாதிரிப் புகார் வந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. எல்எஃப்பி செல்லின் வோல்ட்டேஜ் நடுவில் தட்டையாக 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். சார்ஜ் 40% இருந்தாலும் 60% இருந்தாலும் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கருவி) உள்ளே போன, வெளியே வந்த கரண்டைக் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. சென்சாரின் சின்னப் பிழை தினமும் சேரும். திரையில் 25% காட்டும்போதே ஒரு ரேக்கில் ஒரே ஒரு செல் 2.8-க்கு விழுந்து, அந்த ரேக் மொத்தமும் டிரிப் ஆகும். தொடராகக் கோர்த்ததில் பலவீனமான செல் வைத்ததுதான் சட்டம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக 100% வரை ஏற்றி அப்படியே ஓய விடுங்க. அவசரப்படக் கூடாது: 314 ஆம்பியர்-ஹவர் செல்லில் 1% வித்தியாசம் என்றால் 3.14 ஆம்பியர்-ஹவர். செல்களைச் சமப்படுத்தப் பாலன்ஸ் செய்யும் கரண்ட் 0.1 ஆம்பியர் என்றால், தேவை 31 மணி நேரம். சோலார் ஓடாத மழை நாளை இதற்கு ஒதுக்கலாம். ரேக் வாரியாகக் குறைந்தபட்ச, அதிகபட்ச செல் வோல்ட்டேஜைப் பதிவு செய்யாத பிஎம்எஸ்ஸை வாங்கவே வாங்காதீங்க.

மேல்_அணை:
ஆடிக் காற்றைச் சித்திரைக்குக் கொண்டுபோவது பேட்டரிக்கு ஆகாது. தினம் ஒருமுறை நிரப்பிக் காலி செய்தால் போட்ட பணம் வருடத்தில் 365 முறை வேலை செய்யும். சீசனுக்கு என்றால் ஒரே முறை. காற்றாலை பேங்கிங்கை (மிஞ்சிய யூனிட்டை மின் வாரியத்தில் வரவு வைத்துப் பின்னால் எடுப்பதை) நினைத்துக் கேட்கிறீங்க என்றால், அது வெறும் கணக்குப் புத்தகம். அங்கே எதுவும் சேமிக்கப்படுவதில்லை.

நாலைந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் தண்ணீர்தான்: மிஞ்சும் மின்சாரத்தில் மேல் அணைக்குப் பம்ப் செய்து, வேண்டும்போது கீழே விட்டு எடுப்பது. ஒரு கன மீட்டர் 367 மீட்டர் விழுந்தால் ஒரு யூனிட். உங்கள் 20,000 யூனிட்டுக்கு, நஷ்டத்தைத் தள்ளிப் பார்த்தால், ஒரு ஹெக்டேர் பரப்பில் இரண்டு மீட்டர் ஆழக் குளம் போதும். ஆனால் அந்த உயரத்தில் மலை வேணும். காடம்பாறையில் இப்படித்தான் 4×100 மெகாவாட் 1987-லிருந்து படிப்படியாக வந்தது, கீழணை மேல் ஆழியாறு. ஒரு குறை: பழைய நிலை-வேக மெஷின் பம்ப் செய்யும்போது முழு லோடைத்தான் இழுக்கும், பாதியில் நிறுத்திப் பிடிக்க முடியாது. மேகம் கடந்து சோலார் ஏறி இறங்குவதை அதைக்கொண்டு சமாளிக்க வராது. அந்த இடத்துக்கு உங்கள் 10 மெகாவாட் பேட்டரி ரொம்பப் பொருத்தம்.

காற்றாடிக்காரன்:
நன்றி. 22 போட்டு, 3 மெகாவாட்-ஹவருக்குப் பீடத்தை இப்போதே கட்டச் சொல்கிறேன். சில்லருக்குத் தனி மீட்டர்.