நிலத்தின் ஓசையைக் கேட்கப் பழக்கும் நூல்கள் எவை?

வினா – அலைகரை

வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற காலபோகத்தில் கதிர் முற்றியிருந்த நாட்களில் அப்பாவுக்கு உடல்நலம் குன்றியதால், தம்பியும் நானும் மூன்று இரவுகள் வயற்காவலுக்குச் சென்றோம். மழை விட்டிருந்தது. தொலைவில் குளம் வான் பாயும் இரைச்சல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அதன்மேல் தவளைகள், அவற்றுக்கும் மேலே சில்வண்டு, எப்போதாவது ஓர் ஆட்காட்டி. ஒன்று ஓய்ந்த இடத்தில் இன்னொன்று தொடங்குவதை, இதே வயலோரம் வளர்ந்த நான், அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன்.

இரண்டாம் இரவு, நள்ளிரவு கடந்த பின்னர், தவளைகள் எல்லாம் ஒருங்கே அடங்கின. காதுக்கு எதுவும் எட்டவில்லை; ஆயினும் நெஞ்சுக்குள் ஏதோ அதிர்வது போலிருந்தது. சிறிது நேரம் கழித்து, காட்டோரம் யானைகள் நிற்பதைத் தம்பி ரோச் வெளிச்சத்தில் காட்டினான்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் பாடநூலை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர்களுக்காக வகுப்பறையில் ஒரு சிறிய நூல் அடுக்கு வைக்க விரும்புகிறேன். பறவைகளின் படமும் பெயரும் அடங்கிய கைந்நூல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எனக்கு வேண்டியவை, மண்ணும் மரமும் நீரும் எழுப்பும் ஓசைகளைச் செவிகொடுத்துக் கேட்டவர்கள் எழுதிய நூல்கள். தமிழில் இருந்தால் நல்லது. நாலைந்துக்கு மேல் வாங்கக் கையில் பணம் இல்லை.

மறுமொழி – பழைய சிலேட்டு

பிள்ளை, முதல் நூலுக்கு நீங்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அகநானூற்றின் 82ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், கபிலர் பாடியது. அசைகின்ற மூங்கிலில் வண்டு துளைத்த துளைகளின் வழியே மேல்காற்று புகுந்து குழலாக ஒலிக்க, அருவி முழவாக அதிர, கலைமான் கூட்டத்தின் குரல் தூம்பாக இசைக்க, மலைச்சாரல் வண்டுகள் யாழாக, இவற்றையெல்லாம் கேட்டு மந்திகள் அவையினரைப் போல மருண்டு நோக்கியிருக்க, மயில் விறலியைப் போலக் களம் புகுந்து ஆடுகிறது. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கருவியை ஒதுக்கி, கேட்பதற்கு ஓர் அவையையும் கூட்டி வைத்த பாட்டு அது.

முப்பத்தொரு ஆண்டு தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாடலை உவமைகளை எண்ணுவதற்கான பயிற்சியாகவே நான் காலமெல்லாம் நடத்தினேன். அது காதால் எழுதப்பட்டது என்று ஒரு நாளும் மாணவருக்குச் சொன்னதில்லை.

அடுத்து முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள்தான். கார்காலத்து மாலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லையும் தூவி, நற்சொல் கேட்பதற்காகக் காத்து நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழுவது, குளிரில் நடுங்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று தேற்றும் இடைமகளின் குரல். பின்னர் தலைவி, கூரை மூலைகளிலிருந்து சொரியும் மழைநீரின் இசையைக் கேட்டபடி படுத்திருக்கிறாள். அந்தச் செவிக்குள்தான் அரசனின் படை ஊதும் கொம்பும் சங்கும் வந்து சேர்கின்றன. பாட்டு முழுவதும் யாராவது ஒருவர் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உரைநடை வேண்டுமென்றால் மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பு இருக்கிறது. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். விலங்குகளைப் பற்றி இத்தனை மிகையற்ற தமிழில் எழுதியவர்கள் அரியர்.

மறுமொழி – பாலையடி

சிலேட்டு ஐயாவை மறுப்பதற்குத் தயக்கமாக இருக்கிறது. முல்லைப்பாட்டுக்கு இரண்டு கைகளையும் தூக்குகிறேன். மாடும் மழையும் காடும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அருவியும் மூங்கில் மலையும் வன்னியில் எங்கே இருக்கின்றன? துருசு திறந்ததும் வாய்க்காலில் நீர் இறங்கும் ஓசையையும், பாலை பழுத்த காலத்தில் ஒரே மரத்தில் குரங்கும் பறவையும் போடும் ஆரவாரத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இசை என்றால் அது வேறொரு நாட்டில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இருந்தது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

ஆகையால் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலை அடுக்கில் வையுங்கள். 1973இல் வெளிவந்தது. கதை நிகழும் தண்ணிமுறிப்பு உங்களுக்குத் தெரிந்த ஊர். அது ஓசைகளைப் பற்றிய நூல் அன்று, கதைப்போக்கிலும் எல்லா இடத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தும் தாழப் பறக்கும் ஒரு சிறு பறவையின் பெயரை, காட்டோரத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்வுக்குச் சூட்டத் தெரிந்தவர் இந்த நிலத்தைக் கூர்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வன்னி நாட்டார் பாடல்களையும் விடக்கூடாது. குருவிச் சிந்து, பண்டிப் பள்ளு என்று பெயரிலேயே குருவியும் பன்றியும் வந்து நிற்கின்றன. கதிரைத் தின்ன வரும் உயிர்களோடு மல்லுக்கட்டியபடியே அவற்றுக்குப் பாட்டும் கட்டியவர்கள் நம் முன்னோர். அரிவு வெட்டு இயந்திரம் வந்தபின் அந்தப் பாடல்களுக்கு வயலில் இடமில்லாமற் போயிற்று. பாட்டி தாத்தாவிடம் இரண்டு அடியாவது கேட்டு எழுதிவரும்படி பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். அதுவே உங்கள் ஐந்தாவது நூலாகிவிடும், செலவும் இல்லை.

மறுமொழி – வான்கதவு

நெஞ்சில் அதிர்வு என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கேற்றி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி, திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவர், 1984இல் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் அருகே நின்றபோது காற்று விட்டுவிட்டுத் துடிப்பதாக உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில், பெரிய ஓர்கனின் குழாய்களுக்கு அருகில் நின்றபோது அதே துடிப்பை உணர்ந்தது பின்னர் அவருக்கு நினைவுக்கு வந்தது. கருவி கொண்டு பதிவு செய்து பார்த்தபோது, மனிதச் செவிக்கு எட்டாத, ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸுக்குக் கீழான குரலில் யானைகள் ஒன்றையொன்று அழைப்பது தெரியவந்தது. அவர் கேட்டவை ஆபிரிக்க யானைகள் அல்ல; நம் காட்டில் உள்ளவற்றின் இனமான ஆசிய யானைகள். இதை ‘மௌன இடிமுழக்கம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1998இல் நூலாக எழுதினார். ஆங்கில நூல்தான், ஆனால் நீங்கள் படித்து வகுப்பில் கதையாகச் சொல்லலாம்.

உங்கள் நெஞ்சில் அதிர்ந்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இருட்டில் யானைக்கு அஞ்சினாலும் நெஞ்சு அதிரும். தவளைகள் அடங்கியதற்குக் காலடி அதிர்வே போதும்.

ஒன்று ஓய்ந்த இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது என்றீர்கள். இசைக்கலைஞராக இருந்து காட்டோசைகளைப் பதிவு செய்யப் போன பேர்னி கிராவுஸ், 2012இல் வெளியிட்ட நூலில் அதைத்தான் விரித்து எழுதுகிறார். ஒரு காட்டின் உயிர்கள் ஒன்றன் குரலை மற்றொன்று மறைக்காதபடி, சுருதியிலும் நேரத்திலும் தமக்கென்று இடம் பிரித்துக்கொள்கின்றன என்பது அவர் கருத்து. கலிபோர்னியாவில் ஒரு மலைக்காட்டில், 1988இல் சில மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டுவதற்கு முன்னரும் அடுத்த ஆண்டும் அவர் ஒலிப்பதிவு செய்தார். பார்வைக்கு அதே காடு. பதிவிலோ பெரும்பாலான பறவைகள் இல்லை. நம் தேக்கந்தோட்டத்தின் உள்ளே ஒருமுறையும் அதை அடுத்த முதிரையும் வீரையும் பாலையும் கலந்த காட்டுக்குள் ஒருமுறையும் பிள்ளைகளைக் கண்மூடி நிற்கச் செய்யுங்கள். பச்சை என்பது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது அவர்களுக்கு விளங்கும்.

கடைசியாக, 1962இல் வந்த ரேச்சல் கார்சனின் நூல். ‘மௌன வசந்தம்’ என்று தமிழிலும் இருக்கிறது. எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பும் வண்டைக் கொல்ல டி.டி.ரி. தெளித்தார்கள், இலை உதிர்ந்து மண்ணில் சேர்ந்தது, மண்புழு இலையைத் தின்றது, ராபின் பறவை மண்புழுவைத் தின்று மடிந்தது. பறவையை யாரும் குறிவைக்கவில்லை. வாரந்தோறும் வயலுக்கு மருந்தடிக்கும் நம் ஊரில் இந்த ஒரு அத்தியாயத்தையாவது உரத்து வாசிக்க வேண்டும்.

மறுமொழி – அலைகரை

மூவருக்கும் நன்றி. முல்லைப்பாட்டு, நிலக்கிளி, மழைக்காலமும் குயிலோசையும், மௌன வசந்தம் என்று நான்கை முடிவு செய்திருக்கிறேன். பாலையடி அண்ணா சொன்ன வேலையை நேற்றே கொடுத்தேன். ஒரு மாணவன் பாட்டுக்குப் பதிலாக, தன் அம்மம்மா ஆறுமணிக்குருவியின் குரலைக் கேட்டுத்தான் முன்னர் மாட்டைப் பட்டிக்கு ஓட்டுவாராம் என்று எழுதிவந்தான். அது வலசை வரும் பறவை என்பதால், பங்குனி சித்திரைக்குப் பின்னர் அம்மம்மா என்ன செய்தார் என்று கேட்டுவரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சிலேட்டு ஐயா, அகநானூறு 82க்கு உரையுள்ள பதிப்பு உங்களிடம் இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தர முடியுமா? வெள்ளிக்கிழமை முள்ளியவளைக்கு வருவேன்.