தந்தை ஊரில் இல்லாத நாட்களில் வளரும் பிள்ளைகள்

பாம்பனிலிருந்து ஓர் உறுப்பினர்:

பிள்ளையின் குணத்தை உருவாக்குவது பெற்றோரின் கண்டிப்பா, கனிவா என்று கேட்பதற்கு முன், எங்கள் கரையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடலுக்குப் போயிருக்கும் தந்தையைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறார்கள்? மாலையில் என்னிடம் பாடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் விசைப்படகுத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தோடு கோடை விடுமுறையும் சேர்ந்து வருவதால், தந்தையும் பிள்ளையும் நாள் முழுவதும் ஒரே வீட்டில் இருப்பது பெரும்பாலும் அப்போதுதான். "அப்பா கரைக்கு வரட்டும், உனக்கு இருக்கிறது" என்பதையே கேட்டு வளர்ந்த ஒரு சிறுவன் அந்த நாட்களில் வீடு தங்குவதில்லை. கணக்கில் பிழை வந்தால் தாளைக் கிழித்து ஒளிப்பவனும் அவனே. அவன் தந்தையோ, நான் அறிந்தவரை, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அடுத்த தெருச் சிறுமியின் தாய், மீன்பாடு கிடைக்காமல் படகு திரும்பியதையும் டீசல் கடன் ஏறியதையும் மகளுக்குப் புரியும் அளவில் சொல்லிவிடுவார். அவள் தந்தையின் அருகில் அமர்ந்து வலையைப் பிரித்துக் கொடுப்பாள். தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்வாள். கடன் கணக்கு பிள்ளைக்குச் சுமையாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. மறைத்துப் பேசினாலும் சுவர் வழியே கேட்டுவிடும் வீடுகள் எங்களுடையவை.

கீழக்கரையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

ஏற்கிறேன், ஆனால் முழுப் பொறுப்பையும் தாயின் தலையில் ஏற்ற வேண்டாம். என் வாப்பா வளைகுடாவிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வருவார். மணமான பெண்ணும் தாய்வீட்டாரோடு சேர்ந்திருக்கும்படி அவளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊர் என்பதால் உம்மாவோடு பாட்டியும் மாமாவும் சேர்ந்தே எங்களை வளர்த்தார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் கவனித்தபோது, வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ்ந்திருந்தும் நிலைகுலையாமல் வளர்ந்தவர்களுக்கு, பெற்றோர் இல்லாவிடினும் பாட்டியோ வேறு உறவினரோ, யாரேனும் ஒருவருடைய உறுதியான அன்பு வாய்த்திருந்ததைக் கண்டார்கள். பிள்ளையின் பிறவி இயல்புக்கும் அதில் பங்குண்டு என்றார்கள். அதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அதே பாட்டியிடம் வளர்ந்த என் தம்பி, வாப்பா வந்து பல நாட்கள் வரை கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொல்வான். நானோ வந்த அன்றே பெட்டியைத் திறக்கச் சொல்லி நச்சரிப்பேன்.